புதுப்பிப்பு: மின்தூண்டலோடு நிற்கும் பயிற்சி, 12 அமர்வுகளுக்குப் பிறகு

தண்டுவடக் காயத்துக்குப் பிறகு கால்களில் கொஞ்சம் அசைவு மிச்சமிருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு, தோல்மேல் மின்சாரம் கொடுத்துத் தசையை இயக்கும் மின்தூண்டலும் சமநிலைப் பயிற்சியும் சேர்ந்தால் பலன் உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். "போய்த்தான் பாருங்களேன்" என்றீர்கள். போனேன், 4 வாரம் முடிந்துவிட்டது.

இடுப்பில் வார் கட்டி, அழுத்தத்தை அளக்கும் பலகைமேல் நிறுத்துகிறார்கள். உடல் சாயும் பக்கமெல்லாம் எதிரே திரையில் ஒரு புள்ளி ஓடுகிறது. அதை வட்டத்துக்குள் வைத்திருக்க வேண்டும். முன்னால் சாய்ந்தால் கெண்டைக்கால் தசை மின்சாரத்தால் இறுகுகிறது. பின்னால் சாய்ந்தால் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசை. முதல் நாள் அந்தப் புள்ளி கண்ணாடியில் முட்டும் ஈயாக அலைந்தது.

இப்போது எதையும் பிடிக்காமல் நின்று பல் துலக்குகிறேன். கண்ணை மூடினால் மட்டும் இன்னும் தள்ளாட்டம்தான். நடை வேகம் கூடவில்லை. பலன் மின்சாரத்தாலா, நின்று நின்று பழகியதாலா? என் ஒருவன் கதையை வைத்து அதைச் சொல்ல முடியாது.

ஒருநாள், மின்சாரம் கொடுக்கக் காலில் ஒட்டும் பட்டையின் ஓரம் காய்ந்து தோல் சிவந்துவிட்டது. உணர்ச்சி குறைவு என்பதால் எனக்குத் தெரியவே இல்லை. ஒவ்வொரு முறையும் கழற்றியதும் தோலைப் பாருங்கள்.

கால் முழுவதும் துவண்டிருப்பதாக எழுதிய நண்பருக்கு: இந்த மின்தூண்டல் தசைக்குப் போகும் நரம்பு வழியாக வேலை செய்வது. அந்த நரம்பே சேதமானால் தசை அசையாது; முதலில் அதைச் சோதித்துக்கொள்ளுங்கள். காயம் 6ஆவது மார்பு நரம்பு மட்டத்திலோ அதற்கு மேலோ இருப்பவர்களுக்கு இரத்த அழுத்தம் திடீரென ஏறலாம். மருத்துவர் பார்வையில்லாமல் தொடங்காதீர்கள்.