பவுலிங் இயந்திரம் வைக்கும் ஏழாம் பின் மட்டும் ஏன் விழுகிறது?

எல்லோருக்கும் வணக்கம். டர்பனில் ஒரு பவுலிங் கூடத்தில் (பந்தை உருட்டி, பாட்டில் மாதிரி நிற்கும் பத்து பின்களை வீழ்த்தும் விளையாட்டு) மெக்கானிக்காக இருக்கிறேன், சாட்ஸ்வொர்த்திலிருந்து தினமும் போய்வருகிறேன். பின் அடுக்கும் இயந்திரங்களைப் பார்த்துவந்த பெரியவர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது எட்டு லேனும் (பந்து உருளும் தடம்) என் தலையில்.

மூன்றாவது லேனில் ஏழாம் பின், அதாவது கடைசி வரிசையின் இடது மூலை, தானாகச் சாய்கிறது. விழுந்த பின்களைச் சக்கரம் மேலே தூக்குவது, பத்தும் சேர்ந்ததும் அவற்றைப் பிடித்திருக்கும் தட்டு இறங்கி லேனில் வைப்பது எல்லாம் ஒழுங்குதான். பின்களை விட்டுவிட்டுத் தட்டு எழும்பும் நொடியில் ஏழாவது ஆடும், மூன்று தடவைக்கு ஒரு தடவை விழும். ஆனால் இரண்டாம் பந்துக்கு முன் நிற்கிற பின்னைத் தூக்கித் திரும்ப வைக்கும்போது இந்தத் தொல்லை இல்லை. அதனால் தட்டின் மட்டம் தவறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடி சிதைந்த பின்களை மாற்றிவிட்டேன். அந்த இடத்தில் லேனுக்குப் பூசும் எண்ணெய் இருக்குமோ என்று துடைத்தும் பார்த்தாயிற்று. பின் ஒன்றரைக் கிலோவுக்கு மேல், 15 அங்குல உயரம். நிற்கும் அடியோ இரண்டு அங்குலம்தான். லேசாக உரசினாலே போதும்.

தட்டில் ஏழாம் பின்னைப் பிடிக்கும் கப்பின் ஸ்பிரிங் தளர்ந்தால் இப்படி ஆகுமா? போன மாதம் கரண்ட் போனபோது தட்டு பாதி வழியில் நின்று, கையால் சுற்றி ஏற்றினேன். அதில் ஏதாவது வளைந்திருக்குமா? எதை முதலில் கழற்றுவது? (கரண்டை நிறுத்திப் பூட்டாமல் உள்ளே கை வைப்பதில்லை, பயப்படாதீர்கள்.)

வெள்ளி இரவு லீக் ஆட்டம். அதற்குள் தெரிந்த அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள், படம் வேண்டுமானால் போடுகிறேன்.