சிறுவயதைப் பற்றிக் கவுன்சிலிங்கில் எப்படிப் பேசத் தொடங்கினீர்கள்?

வணக்கம். தூக்கம் வராததால் மூன்று மாதமாக ஓர் உளவியலாளரைப் பார்த்து வருகிறேன். போன வாரம் அவர், "சின்ன வயதில் வீடு எப்படி இருந்தது?" என்று கேட்டார். "நன்றாகத்தான் இருந்தது" என்று சொல்லிவிட்டேன். அது உண்மை இல்லை.

தெருமுனையில் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டதுமே நானும் தம்பியும் டிவியை அணைத்துவிட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவோம். அவர் சாவியை மேஜையில் வைக்கிற சத்தத்திலேயே அன்றைக்கு அடி விழுமா என்று தெரிந்துவிடும். எனக்கு இப்போது 34 வயது. இன்றும் யாராவது கதவை ஓங்கிச் சாத்தினால் நெஞ்சு படபடக்கிறது.

அப்பா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். தளர்ந்துவிட்டார், என் மகளுக்குக் கதை சொல்லித் தூங்கவைக்கிறார். அவரைப் பற்றி வெளியாளிடம் சொல்வது காட்டிக்கொடுப்பது போல இருக்கிறது. வீட்டு விஷயம் வாசல்படி தாண்டக்கூடாது என்று சொல்லித்தான் அம்மா வளர்த்தார். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் ரகசியம் காக்கும் உரிமையைத் தருகிறது என்று தெரியும். என் பயம் அதுவல்ல. அங்கே உடைந்து அழுதுவிட்டு, அப்புறம் வீட்டுக்கு வந்து அவருக்கு எப்படிச் சாப்பாடு பரிமாறுவேன்?

இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள். எழுதிக்கொண்டு போய் வாசித்தீர்களா? சாவிச் சத்தம் மாதிரிச் சின்ன விஷயத்திலிருந்து தொடங்கலாமா? பேசி முடித்த அன்று மாலையை எப்படிக் கழித்தீர்கள்? "பெற்றவர்தானே, மறந்துவிடு" என்று மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம். வியாழக்கிழமை அடுத்த சந்திப்பு.