போன ஆண்டு ஏற்றிய கேஸ் எங்கே போனது?

வேப்பமரத்தடி:
"ஏசியால் பூமி கெடுகிறது என்பது பழைய கதை. இப்போது வருவது ஆர்-32 கேஸ், ஓசோனுக்கு ஒன்றும் ஆகாது. ஆண்டுக்கு ஒருமுறை கேஸ் ஏற்றினால் போதும்" என்று நேற்று ஒருவர் அடித்துவிட்டுப் போயிருக்கிறார். ஐயா, ஆண்டுதோறும் ஏற்றுகிறீர்கள் என்றால், போன ஆண்டு ஏற்றியது எங்கே போனது?

அண்ணாநகர்வாசி:
அந்த ஒருவர் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். கார் டயரில் காற்று குறைவதில்லையா? அதுபோல் ஓட ஓடக் கேஸும் குறையும். எங்கள் மெக்கானிக் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஏற்றிவிட்டுத்தான் போகிறார். ஓசோனைப் பற்றிச் சொன்னதில் என்ன தப்பு?

ஸ்பேனர்:
18 ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஏசியை டயரோடு சேர்த்த மகானை இன்றுதான் பார்க்கிறேன். எரிந்து தீர்வதற்கு அது என்ன பெட்ரோலா? மூடிய செம்புக் குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. உள்ளே ஆவியாகும்போது அறையின் சூட்டை வாங்குகிறது, வெளியே திரவமாகும்போது அதைக் கொட்டுகிறது. குறைந்தால் கசிவு, அவ்வளவுதான். குழாய் மூட்டில் இருக்கும் ஃப்ளேர் நட்டில் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள், குமிழ் விடும். ஓசோனுக்கு ஒன்றும் ஆகாது, சரி. ஆனால் ஒரு கிலோ ஆர்-32 வெளியே போனால் பூமியைச் சூடாக்குவதில் நூறாண்டுக் கணக்கில் 675 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அதற்கு முன்னால் வந்த ஆர்-410ஏ என்றால் 2,088 கிலோ.

அண்ணாநகர்வாசி:
675 என்று பூச்சாண்டி காட்ட வேண்டாம். என் ஏசியில் மொத்தமே ஒரு கிலோ இருக்காது.

ஸ்பேனர்:
வெளி யூனிட்டின் ஸ்டிக்கரில் கிராம் கணக்கு இருக்கும். பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

திருச்சி டீச்சர்:
கேஸையே கட்டி அழுகிறீர்களே, கரண்ட்? நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில்தான் வருகிறது. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் 6 சதவீதம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் பணியகமே சொல்கிறது. 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் முத்திரை ஏசிகள் 24-இல்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. என் மருமகன் 18-இல் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்திக்கொள்கிறார்!

மொட்டைமாடி:
டீச்சர் அம்மா, மாடிக்கு நேர் கீழே மே மாதம் ஓர் இரவு படுத்துப் பாருங்கள். பதினொரு மணிக்கும் சுவரில் கை வைக்க முடியாது. வேப்பமரத்தடியார் பேசுவதுதான் வேடிக்கை. போன மாதம் சோலார் பற்றிய விவாதத் திரியில் உளறியது யாராம்?

வேப்பமரத்தடி:
அங்கேயும் நான் சொன்னதுதான் சரி. திரியைத் திசைதிருப்பாதீர்கள். கேஸ் எங்கே போனது?

மொட்டைமாடி:
உங்கள் வீட்டில் ஏசி உண்டா, இல்லையா?

வேப்பமரத்தடி:
அம்மாவின் அறையில் ஒன்று இருக்கிறது. அவருக்கு வயது 81.

அண்ணாநகர்வாசி:
குட்டு வெளிப்பட்டது.

ஸ்பேனர்:
81 வயது அம்மாவை விடுங்கள். கசிவைத் தேடாமல் கேஸை மட்டும் ஏற்றிக் காசு வாங்குகிற மெக்கானிக்கைக் கேளுங்கள். அதைவிடக் கொடுமை காயலான் கடை. பழைய ஏசி போனதும் செம்புக்காகக் குழாயை வெட்டுவார்கள். 'உஸ்' என்று ஒரு சத்தம், அரை நிமிடத்தில் எல்லாம் காற்றோடு போய்விடும். அதைச் சிலிண்டரில் திரும்பப் பிடிக்கக் கருவி இருக்கிறது. என் பட்டறையிலும் இருக்கிறது. அதற்குக் கூலி கேட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார். அவர்களில் பாதிப் பேர் ஓசோனைப் பற்றிப் பாடம் எடுப்பவர்கள்.

அண்ணாநகர்வாசி:
ஸ்டிக்கரைப் பார்த்தேன். 740 கிராம். ஆக, 675 கிலோ என்பது பொய்.

ஸ்பேனர்:
740 கிராமுக்கு 499.5 கிலோ. நான் சொன்னது ஒரு கிலோவுக்கு. பெருக்கல் வாய்ப்பாடு வேண்டுமா?

அண்ணாநகர்வாசி:
முழுவதும் போகிறது என்று யார் சொன்னது? கொஞ்சம் குறையும், கொஞ்சம் ஏற்றுவார். டயர் மாதிரி.

வேப்பமரத்தடி:
அந்தக் கொஞ்சம் எங்கே போனது?

ஸ்பேனர்:
மறுபடியும் டயரா!