பக்கத்து வண்டியின் பந்தல் பறக்கிறது, ஓடிப்போய்ப் பிடிக்கலாமா?

மோட்டார்ஹோமில், அதாவது தங்கும் வசதியுள்ள வண்டியில், ஊர் சுற்றுகிறவர்களிடம் ஒரு கேள்வி. மூன்று நாளாக மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

ஏரிக்கரை முகாம் ஒன்றில் தங்கியிருக்கிறோம். திங்கள்கிழமை மாலை வரை ஓர் இலை அசையவில்லை. இருட்டும் நேரத்தில் ஏரிப் பக்கமிருந்து காற்று வீசத் தொடங்கியது. எங்கள் வண்டியின் ஆனிங்கை, அதாவது பக்கவாட்டில் விரிக்கும் துணிப் பந்தலை, உடனே சுருட்டிவிட்டேன். எதிர் வரிசையில் இருந்த வயதான தம்பதி கொஞ்சம் தாமதித்துவிட்டார்கள். பந்தல் கால்களைத் தரையோடு பிணைத்திருந்த முளைகளை அவர்கள் பிடுங்கி முடிக்கவும், பெரிய வீச்சு ஒன்று வரவும் சரியாக இருந்தது. நான்கு மீட்டர் துணி அப்படியே உப்பி, அதன் வெளி விளிம்பில் இருக்கும் முன்கம்பி ஆள் உயரத்துக்கு மேலே எழும்பியது. பெரியவர் வண்டியோரம் நின்று, பந்தலைச் சுருட்டும் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த அம்மா கம்பியின் நடுவைப் பிடித்துக்கொண்டு, தொங்காத குறை.

சுற்றிலும் ஆறேழு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தோம். நான் ஓடினேன். கைக்கு எட்டிய முனையைப் பிடித்து, பலம் கொண்ட மட்டும் கீழே இழுத்தேன். "விடாதீங்க, விடாதீங்க" என்று காதில் விழுந்தது. இன்னும் அழுத்தினேன். மறுமுனை வண்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, என் முனை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. கம்பி கோணிக்கொண்டது. என் பக்கத்தில் பந்தலைத் தாங்கும் மடக்குக் கை அதன் முட்டியில் 'டக்' என்று வளைந்ததை என் உள்ளங்கையே உணர்ந்தது.

எப்படியோ சுருட்டிவிட்டார்கள். ஆனால் துணி ஒருபக்கமாகச் சுருண்டதால், பந்தல் அடங்கும் பெட்டி முழுசாக மூடவில்லை, ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கயிறு போட்டுக் கட்டினோம். அப்போதுதான் அவர் சொன்னார்: "நான் விடுங்க விடுங்கன்னுதானே கத்தினேன்?" காற்று நடுவில் ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டது போலிருக்கிறது. அப்புறம் நன்றியும் சொன்னார், அது வேறு. அந்த அம்மா மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டார்.

நான் செய்தது உதவியா, உபத்திரவமா? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

* * *

முதலில், நீங்கள் ஓடினீர்கள், அதை விட்டுவிடாதீர்கள். 1968இல் உளவியலாளர்கள் பிப் லட்டானேயும் ஜான் டார்லியும் செய்த சோதனை ஒன்று உண்டு. ஓர் அறையில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தவர்கள் இருக்கும்போதே சுவரிலிருந்து புகை வரச் செய்தார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே போய்ச் சொன்னார்கள். கண்டுகொள்ளாமல் இருக்கும்படி முன்பே சொல்லிவைத்த இரண்டு பேர் கூட இருந்தபோது, 10 சதவீதம் பேர்தான் எழுந்துபோனார்கள். புகைக்கே அப்படி என்றால், பக்கத்து வண்டிப் பந்தலுக்குச் சொல்லவா வேண்டும்?

* * *

நல்ல மனசெல்லாம் சரி, கொஞ்சம் கணக்கும் பார்த்துவிடுவோம். நான்கு மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம் என்றால் பத்துச் சதுர மீட்டர் துணி. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று அதன் அடியில் புகுந்து முழுசாக உப்பவைத்தால், அது கொடுக்கும் விசை சுமார் 60 கிலோ எடைக்குச் சமம். கிட்டத்தட்ட ஓர் ஆள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகும். அதாவது 72 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 240 கிலோ. இரண்டு பேர் தொங்கினால் இரண்டு பேரையும் சேர்த்துத் தூக்கும்.

வேகம் அளக்கும் கருவி எல்லாம் வேண்டாம். 1805இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பியூஃபோர்ட் வகுத்த காற்று அளவுகோலுக்குக் கண்ணே போதும். இலையடர்ந்த சிறு மரங்கள் ஆடத் தொடங்கினால் ஐந்தாம் நிலை, 29 முதல் 38 கிலோமீட்டர். பெரிய கிளைகள் ஆடி, குடை பிடிக்கத் திண்டாடினால் ஆறு. நான் நான்காம் நிலையிலேயே, அதாவது புழுதியும் காகிதமும் பறக்கும்போதே, சுருட்டிவிடுவேன். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பதெல்லாம் நெல்லுக்கு.

உங்கள் விஷயத்தில் பிசகியது எங்கே என்றால், முனையைப் பிடித்ததுதான். இந்தப் பந்தலில் இரண்டு மடக்குக் கைகளும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கால் கம்பியை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், அதனால்தான் துணி விறைப்பாக நிற்கிறது. சுருட்டும்போது இரண்டும் ஒரே அளவில் மடங்க வேண்டும். பிடிக்கிறவர் கம்பியின் நடுவில் நின்று, கைப்பிடி சுற்றும் வேகத்துக்கு ஏற்ப வண்டியை நோக்கி நடக்க வேண்டும். முந்தினால் துணி தொய்ந்து மடிப்பு விழும். பிந்தினால் சுற்றுகிறவருக்கும் உங்களுக்கும் கயிறு இழுக்கும் போட்டி. அந்த அம்மா சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறார்.

* * *

நான் அந்தப் பக்கத்து ஆள். காற்று தூக்கியது என் பந்தலைத்தான்.

இரண்டு வருஷம் இருக்கும். கடலோரத்தில் நிறுத்தியிருந்தோம். நான் குளித்துக்கொண்டிருந்தபோது மனைவி அலறினாள். ஓடிவந்து பார்த்தால் முன்கம்பி, கால்கள் எல்லாம் வண்டிக் கூரைக்கு மேல் கிடக்கின்றன. ஒரு கால் சோலார் தகட்டின் மேல் விழுந்து கண்ணாடி சிலந்தி வலை மாதிரி விரிந்திருந்தது. துணி மட்டும் அடங்காமல் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் மூளை வேலை செய்யாது, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஐந்து பேர் ஓடிவந்தார்கள். ஒருவர் ஏணியில் ஏறப்போனார். ஒருவர் "இழுங்க" என்றார், இன்னொருவர் "இழுக்காதீங்க" என்றார். ஒரு புண்ணியவான் கத்தியோடு வந்து "துணியை அறுத்துடலாமா?" என்று கேட்டார். (மேலே எழுதியவர் ஸ்பிரிங் பற்றிச் சொன்னதைச் சேர்த்துப் படியுங்கள். கைகள் பாதி மடங்கிய நிலையில் துணியை அறுத்தால், கட்டவிழ்த்த காளை மாதிரி இரண்டும் வெளியே பாயும். எதிரில் நிற்பவர் கதி அதோகதி. நல்லவேளை, அவரை ஒதுங்கச் சொல்லிவிட்டேன்.)

அந்தக் கூட்டத்தில் எழுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு பெண்மணி. என் அருகில் வந்து நின்று, கத்தாமல், "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில்தான் எனக்கு நிதானம் வந்தது. அவரால் கம்பியைப் பிடிக்க முடியாது. "காற்று எப்போ தணியுதுன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்றேன். அவர் போய்க் கரையோரம் நின்று கடலைப் பார்த்தார். பெரிய வீச்சு வருவதற்கு முன் தண்ணீரின் மேல் கறுப்பாக, சிலிர்த்தது போல ஒரு திட்டு நகர்ந்துவரும். பாய்மரப் படகோட்டிகள் அதைப் பார்த்துத்தான் பாயை இறக்குவார்கள். கரையில் என்றால் புல்லைப் பார்க்கலாம், காற்று வரும் திசையில் உள்ள மரங்களைப் பார்க்கலாம். அந்தப் பெண்மணி "வருது... வருது... போயிடுச்சு, இப்போ" என்று சொன்னபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். நான்கு தடவை. தொட்டது நானும் இன்னும் இரண்டு பேரும் மட்டுமே. மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னேன், ஒருவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார், போகட்டும்.

அன்று எனக்கு அதிகம் உதவியது கடைசிவரை பந்தலைத் தொடாத அந்தப் பெண்மணிதான்.

* * *

எல்லோரும் உதவி உதவி என்கிறீர்கள். நான் மாற்றுக் கருத்து.

என் தங்கை இப்படித்தான் ஓடினாள். கம்பியை அவள் பிடிக்கவில்லை, அவிழ்ந்து தொங்கிய பந்தல் காலைத்தான் பிடிக்கப்போனாள். காற்றில் அது வீசிய வீச்சில் முழங்கையில் பட்டது. எலும்பு விரிசல், ஆறு வாரம் கட்டு. வண்டிக்காரருக்கு ஒரு கீறல் இல்லை. பந்தலுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் வேடிக்கை, தானாகவே சுருண்டுகொண்டது போல உள்ளே போய்விட்டது. இன்னொருவர் மடக்குக் கையின் மூட்டில் விரலை வைத்து நகம் பெயர்ந்ததையும் பார்த்திருக்கிறேன். அந்த மூட்டு கத்தரிக்கோல் மாதிரி, யார் விரல் என்று பார்க்காது.

பந்தல் போனால் வேறு வாங்கலாம். நான் கதவைத் தட்டுவேன், முகாம் பொறுப்பாளரைக் கூப்பிடுவேன், குழந்தைகளையும் நாற்காலிகளையும் அப்புறப்படுத்துவேன். கம்பியைத் தொட மாட்டேன்.

* * *

அப்புறப்படுத்துவதும் உதவிதானே அக்கா! நீங்கள் மாற்றுக் கருத்து என்று தொடங்கி எங்கள் பக்கம் வந்து சேர்ந்துவிட்டீர்கள்.

எனக்கு உறைத்தது அந்த "விடுங்க", "விடாதீங்க" விஷயம்தான். நம் பேச்சில் வேண்டாம் என்பதும் வேண்டும் என்பதும் சொல்லின் நடுவில் ஓர் எழுத்தில் தொங்குகிறது. காற்றில் அந்த எழுத்துதான் முதலில் போகும். நாங்கள் வீட்டுக்குள் முடிவு செய்து வைத்திருக்கிறோம்: பிடிக்க வேண்டும் என்றால் "பிடி". கையை எடுத்துவிட்டு விலக வேண்டும் என்றால் "ஓடு". இரண்டே சொல். "ஓடு" என்று கேட்டால் ஏன் என்று கேட்காமல் விட்டுவிட்டுப் பக்கவாட்டில் விலகிவிட வேண்டும். உதவிக்கு வருகிறவர்களிடமும் இதைச் சொன்ன பிறகுதான் கை வைக்க விடுவோம். ஐந்து நொடி வேலை.

* * *

ஆளே இல்லாத வண்டி என்றால்? அதை யாரும் சொல்லவில்லையே.

போன வருஷம் எங்கள் பக்கத்து வண்டிக்காரர்கள் பந்தலை விரித்தபடி விட்டுவிட்டு நாள் முழுக்க வெளியே போய்விட்டார்கள். பிற்பகலில் காற்றோடு மழையும் வந்தது. துணி நடுவில் குளம் கட்டியது. பார்ப்பதற்குக் கொஞ்சம் தண்ணீர்தான், ஆனால் இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர், ஐந்து சென்டிமீட்டர் ஆழம் என்றாலே 100 லிட்டர், அதாவது 100 கிலோ. அதற்கு மேல் காற்று கீழிருந்து குத்துகிறது.

சுருட்டிவிடலாம் என்று போனால் கைப்பிடி இல்லை. பெரும்பாலானவர்கள் அதை வண்டிக்குள்தான் வைப்பார்கள், நாங்களும் அப்படித்தான். எனவே "பூட்டிய வண்டியின் பந்தலைச் சுருட்டலாமா கூடாதா" என்ற விவாதமே பாதி வீண், பெரும்பாலும் முடியாது. நாங்கள் செய்தது: முகாம் அலுவலகத்தில் சொல்லி உரிமையாளரின் கைபேசிக்கு அழைக்கச் சொன்னோம். ஒரு பக்கத்துக் காலை ஒரு துளை கீழே இறக்கினோம், தண்ணீர் தானாக வழிந்து ஓடியது. துணிக்கு மேல் குறுக்காக ஒரு பட்டையைப் போட்டு இரு பக்கமும் நீள முளை அடித்தோம். அப்புறம் என் கணவர் எங்கள் வண்டியையே எடுத்துவந்து காற்று வரும் பக்கத்தில், மதில் மாதிரி நிறுத்தினார். கடைசியாகச் சொன்னதுதான் நன்றாக வேலை செய்தது. பந்தலின் படபடப்பு உடனே பாதியாகக் குறைந்தது. கம்பியோடு மல்லுக்கட்டுவதை விட எவ்வளவோ மேல், பக்கத்தில் மரம் முறிந்து விழும் ஆபத்து இல்லையென்றால்.

என்ன செய்தோம் என்பதை ஒரு தாளில் எழுதிக் கதவில் செருகிவைத்தோம். ஆறு மணிக்கு வந்தார்கள். படித்துவிட்டு முதலில் அவர் கேட்டது, "என் முளை எங்கே?"

* * *

மின்சாரப் பந்தல் வைத்திருக்கிறேன், காற்று உணர்வி (சென்சார்) இருக்கிறது, கவலை இல்லை என்று நினைப்பவர்களுக்கு: சில மாடல்களில் அந்த உணர்வி காற்றின் வேகத்தை அளப்பதில்லை, கம்பியின் ஆட்டத்தைத்தான் பார்க்கிறது. ஆட்டம் தொடங்கிய பிறகுதான் சுருட்டும். பட்டையால் இறுகக் கட்டிவைத்தால் ஆட்டம் தெரியாது, அல்லது கட்டியதோடு சேர்த்து மோட்டார் இழுக்கும். வண்டியின் 12 வோல்ட் மின் இணைப்பை அணைத்துவிட்டுப் போனால் அதுவும் தூங்கிவிடும். உதவிக்கு வருகிறவர்கள் பொத்தானைத் தேடி அழுத்துவதற்கு முன் எங்காவது கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

* * *

கேள்வி கேட்டவன் திரும்ப வந்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி. நடுவில் நின்று கூடவே நடக்க வேண்டும் என்பது எனக்கு உண்மையிலேயே தெரியாது. என் பந்தலை எப்போதும் நான் ஒருவனாகவே சுருட்டியிருக்கிறேன், அதுவும் காற்றில்லாத நாளில்.

இன்று காலை அவர்களே கூப்பிட்டார்கள். காற்று சுத்தமாக இல்லை. வளைந்த கையை நிமிர்த்த முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஆனால் துணியைச் சீராகச் சுருட்டிவிட்டால் பெட்டி மூடும், வண்டியை ஓட்டிக்கொண்டு போகலாம் என்றார். விரித்து, மறுபடி சுருட்டினோம். அவர் சுற்ற, நான் நடுவில் கம்பியோடு நடந்தேன். கோணிய பக்கத்தை அந்த அம்மா விரலால் லேசாகத் தள்ளிக்கொண்டே வந்தார். மூன்றாம் தடவை மூடியது.

மாற்றும் செலவில் பாதியைத் தருகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்றார். நான் விடவில்லை. "நீங்க விடுங்கன்னு கத்தினது எனக்குச் சரியாக் கேட்டிருந்தா இது வளைஞ்சிருக்காது" என்றேன்.

அதுவரை பேசாமல் இருந்த அந்த அம்மா கணவரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்களுக்குச் சரியாத்தான் கேட்டுது தம்பி. விடாதீங்கன்னு கத்தினது நான்."