டீசல் விமானத்தின் உயர வரம்பு: எது தடுக்கிறது?

வணக்கம். டயமண்ட் டிஏ40 என்ஜி என்ற சிறிய டீசல் விமானத்தின் அதிகபட்ச இயக்க உயரம் 16,400 அடி. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ இருந்தும் ஏன் இந்தக் கோடு? சென்ற வாரம் 14,000 அடியில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, பவர் லீவரை முழுக்கத் தள்ளியும் திரையில் லோட் சதவீதம் (எஞ்சின் தரும் சக்தியின் அளவு) மெல்லச் சரிந்தது. அது புரிகிறது: 18,000 அடியில் காற்றழுத்தம் பாதிதான், டர்போ ஓரளவுதான் ஈடுகட்டும். ஆனாலும் விமானம் ஏறிக்கொண்டுதானே இருந்தது!

என் சந்தேகம் வேறு. டீசலுக்குத் தீப்பொறி கிடையாது. அழுத்தத்தில் சூடாகும் காற்றே எரிபொருளைப் பற்றவைக்க வேண்டும். மேலே எஞ்சின் அணைந்தால், குளிர்ந்த, மெலிந்த காற்றில் மீண்டும் பற்றுமா? வரம்பு அதனாலா, சான்றிதழுக்காகச் சோதித்த உயரமே அவ்வளவுதானா? எஞ்சின் பராமரிப்பில் இருப்பவர்கள் விளக்க வேண்டும். ‘ஆக்சிஜன்தான் காரணம்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைப் பயிற்சியாளரே சொல்லிவிட்டார்.