உங்கள் வேலை மனதோடு ஒட்டியது எப்போது?

மதுரையிலிருந்து ஒருவர்:

ரத்த வங்கியில் டெக்னீஷியனாகப் பதினோரு வருடம் ஆகிறது. முதல் மூன்று வருடம் நான் பார்த்ததெல்லாம் பைகள்தான். 350 மில்லி, ரத்த வகை, எண், காலாவதித் தேதி. ஜன்னல் வழியாகச் சீட்டு வரும், நோயாளியின் ரத்தத்தோடு பை ரத்தம் சேருமா என்று கிராஸ்மேட்ச் சோதனை போடுவேன், பை போகும். யாருக்கு ஏறியது, பிழைத்தாரா, ஒன்றும் தெரியாது. வேறு வேலைக்கு விண்ணப்பமும் போட்டிருந்தேன்.

ஒரு நைட் டூட்டியில் சீட்டைக் கொண்டுவர ஆள் இல்லாமல் ஓர் அம்மாவே பையனோடு வந்து நின்றார். தலசீமியா என்ற பிறவி ரத்த நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டிய பிள்ளை. அவன் பெயரை இரண்டு வருடமாகப் பதிவேட்டில் எழுதிவருகிறேன், முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். உதடெல்லாம் வெளுத்திருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்து எக்கிப் பார்த்து, "மாமா, இதுல என் ரத்தம் எது?" என்றான். ஃப்ரிட்ஜின் கண்ணாடிக் கதவு வழியாகக் காட்டினேன்.

சம்பளம், ஷிஃப்ட் எல்லாம் அதேதான். ஆனால் அவன் வரும் வாரத்தில், இருப்பதிலேயே புதிதாக எடுத்த பையைத் தேடி ஒதுக்கிவைக்க ஆரம்பித்தேன். கட்டி தட்டியிருக்கிறதா என்று சோதனைக் குழாயை வெளிச்சத்தில் இரண்டு தடவை ஆட்டிப் பார்ப்பேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை. விண்ணப்பித்த இடத்திலிருந்து அழைப்பு வந்தது, போகவில்லை.

கோவையிலிருந்து:

நான் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். இதையே ஆடம் கிராண்ட் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் சோதித்து 2007இல் வெளியிட்டிருக்கிறார். ஒரு பல்கலைக்கழகத்துக்கு போனில் நன்கொடை திரட்டும் ஊழியர்கள், அந்தப் பணத்தில் படிக்கும் ஒரு மாணவரோடு ஐந்து நிமிடம் பேசினார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அவர்கள் போனில் பேசும் நேரம் இரண்டு மடங்குக்கும் மேல் கூடியிருந்தது. இதைப் படித்தபிறகுதான் எங்கள் பம்ப் கம்பெனிக்கு ஒரு விவசாயியை அழைத்துவந்தோம். அசெம்பிளியில் இருக்கும் பெண்கள் அவரை விடாமல் கேள்வி கேட்டார்கள்.

திருநெல்வேலியிலிருந்து:

எல்லாம் சரி. நான் ஒப்பந்த நர்ஸாக இருந்தவள். நோயாளிகள் மேல் உயிரையே வைத்திருந்தேன். ஓவர்டைம் பணம் கேட்டால் நிர்வாகத்தில், "இது சேவைம்மா, பணத்தைப் பார்க்கலாமா?" என்பார்கள். எங்களுக்கு மனசு ஒட்டிவிட்டது, விட்டுப் போகமாட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும். நான் விலகிய அன்று ஒரு பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கும் நீதானே வருவ?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது இருக்கும் இடத்திலும் அதே வேலைதான், அதே பாசம்தான். சம்பளம் ஒன்றாம் தேதி வந்துவிடுகிறது.

மதுரையிலிருந்து, மறுபடி:

நீங்கள் சொல்வது நியாயம் சகோதரி. நைட் அலவன்ஸை நாங்களும் சண்டை போட்டுத்தான் வாங்கினோம். அந்தப் பையன் இப்போது பிளஸ் டூ படிக்கிறான். போன வாரம் அம்மா கூட வரவில்லை. சீட்டை அவனே கொண்டுவந்து நீட்டினான்.