படர்தாமரைக்கு டியூப் போட்டுப் போட்டு தோலே உரியுது, என்ன செய்ய?

பரோட்டா மாஸ்டர் (டவுண்):

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, கொஞ்சம் கூச்சமான விஷயம். கடைல சொன்னா சிரிப்பானுவ, அதான் இங்கன எழுதுதேன்.

எனக்கு 41 வயசு. திருநெல்வேலி டவுண்ல பரோட்டா போடுதேன். சாயந்திரம் 4 மணிக்குக் கல்லு முன்னால நின்னா ராத்திரி 12 ஆயிரும். வேர்வை முதுகுல இறங்கி கைலி முடிச்சுல வந்து தங்கும். பங்குனியில வலது தொடை இடுக்குல ஒத்த ரூவா அளவுக்கு வட்டமா ஒரு படை வந்துச்சு. ஓரம் மட்டும் செவந்து தடிச்சு, நடுவுல சும்மா தோலு. ஊறல்னா அப்படி ஒரு ஊறல். மாவு பிசையுத கையை வச்சு சொறியவா முடியும்? நின்ன எடத்துலயே தொடையைத் தொடையோட உரசிக்கிட்டு ஆடுவேன். பாத்தவன் எல்லாம் மாஸ்டர் பாட்டுக்கு ஆடுதாருன்னு நெனச்சான்.

சப்ளையர் தம்பிதான் ஒரு டியூப் குடுத்தான். "ரெண்டே நாளு மாஸ்டர்"னான். மெய்யாவே ரெண்டு ராத்திரில ஊறல் போச்சு, நாலாம் நாள் செவப்பும் போச்சு. நிறுத்துனேன். பத்து நாள்ல திரும்பி வந்துச்சு, இந்தத் தடவை உள்ளங்கை அகலத்துக்கு. மறுபடி டியூப்பு, மறுபடி போச்சு, மறுபடி வந்துச்சு. ஆவணி வரைக்கும் 15 கிராம் டியூப் ஒம்பது தீந்திருக்கு. மெடிக்கல்ல சீட்டெல்லாம் கேக்கல. என் தலையைக் கண்டாலே எடுத்து வச்சிருவான்.

இப்ப ரெண்டு தொடையும், பின்பக்கமும் பிடிச்சுட்டு. வட்டமே இல்ல, எங்க ஆரம்பிக்கு எங்க முடியுதுன்னு தெரியல. தோலு வெங்காயச் சருகு மாதிரி மெலிஞ்சு மினுங்குது. கோடு கோடா வேற விழுந்திருக்கு, பிள்ளை பெத்த வயித்துல இருக்குமே அது மாதிரி. போன வாரம் வீட்டுக்காரி இடுப்புல ஒரு வட்டம், மகளுக்குக் கழுத்துல ஒண்ணு.

பயந்துபோயி, குளோட்ரிமசோல் 1 சதவீதம்னு ஒரே மருந்து இருக்க டியூப் வாங்குனேன். போட்டா மொளகாப்பொடி தேச்ச மாதிரி எரியுது. பழைய டியூப்பை எடுத்துப் பாத்தேன், அதுலயும் முதல்ல 'குளோ'ன்னுதான் ஆரம்பிக்கு. ரெண்டும் ஒண்ணுதானே? பெறகு இது மட்டும் ஏன் எரியுது? அலர்ஜியா? பழசுக்கே போயிரட்டுமா?

தாமிரபரணித் தண்ணி:

மாஸ்டரே, இங்கிலீஷ் மருந்தை எல்லாம் தூர எறியும். சீமை அகத்தி இலை தெரியுமா? வண்டுகொல்லின்னும் சொல்லுவாவ. வாய்க்கா ஓரத்துல மஞ்சப்பூ மெழுகுவத்தி கணக்கா நிக்கும். எங்க ஆச்சி அதை எலுமிச்சம்பழச் சாறு விட்டு அரைச்சுப் போடுவா. படை ஓடிரும்னு சொல்லுவா.

பாளை மருந்துக்கடை:

தம்பி, சீமை அகத்தி படைக்குப் பழைய மருந்துதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா வெங்காயச் சருகு மாதிரி தோலுன்னு அவர் எழுதியிருக்கதைப் படிச்சீரா? அதுல எலுமிச்சம்பழச் சாறை ஊத்துனா மனுசன் பரோட்டாக் கல்லு மேலயே ஏறிருவாரு.

மாஸ்டர், 23 வருசமா மருந்துக்கடைல நிக்கேன். உங்க பழைய டியூப்ல இருந்தது குளோபெட்டசாலா இருக்கும், நல்லா எழுத்துக்கூட்டிப் பாருங்க. அது படை மருந்தே இல்ல, ஸ்டீராய்டு. அதுலயும் ரொம்ப வீரியமான ஸ்டீராய்டு. படை வாரது பூஞ்சையால, குளோட்ரிமசோல்தான் அந்தப் பூஞ்சையைக் கொல்லுத மருந்து. பேரு ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி கேக்கும், வேலை நேர்மாறு. ஸ்டீராய்டு ஊறலையும் செவப்பையும் அமத்திரும், ஆனா அந்த எடத்துல தோலோட எதிர்ப்பு சக்தியையும் அமத்திரும். பூஞ்சைக்கு அதைவிட வசதி வேற என்ன வேணும்? மேல அமைதியா இருக்கும், உள்ள பரவிக்கிட்டே போகும். வட்டம் கலைஞ்சு உருவமே மாறிப் போறதும் அதனாலதான். தோல் மெலியுறதும் கோடு விழுறதும் ஸ்டீராய்டோட வேலை. அந்தக் கோடு முழுசா மறையாது, உள்ளதைச் சொல்லிருதேன்.

இந்த மாதிரி ஸ்டீராய்டு பூச்சு 14 வகையை 2018ல ஷெட்யூல் எச்-சுக்குள்ள கொண்டாந்தாங்க. டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கக் கூடாது. குடுக்கதுதான் நடக்கு. எங்க ஆளுகளைத்தான் சொல்லுதேன், வேற யாரைச் சொல்ல?

இப்ப எரிச்சலுக்கு வருவோம். குளோட்ரிமசோல், மிக்கோனசோல், டெர்பினாஃபின்னு பூஞ்சை மருந்து எல்லாத்துக்குமே லேசா எரிச்சல், காந்தல், தோல் உலர்ந்து உரியுதது உண்டு. நல்ல தோல்ல அது கொஞ்ச நேரத்துல அடங்கிரும். உங்களுது புண்ணுத் தோலு, என்ன போட்டாலும் எரியத்தான் செய்யும். ஆனா போடப் போட எரிச்சல் கூடுது, கொப்புளம் வருது, நீர் வடியுது, மருந்து பட்ட எடம் பூரா வீங்குதுன்னா அது அலர்ஜி. கழுவிட்டு நிறுத்திரணும். உதடு, முகம் வீங்கி மூச்சு முட்டுனா கடைக்கெல்லாம் வராதீங்க, நேரா ஆஸ்பத்திரி.

பழசுக்கு மட்டும் திரும்பிப் போகாதீங்க. நிறுத்துனதும் கொஞ்ச நாளு முன்னைவிடச் செவந்து எரியும், அங்கதான் எல்லாரும் பயந்து மறுபடி டியூப்பைத் தேடுதது. அதனால நீங்களா சமாளிக்காம ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரில தோல் ஓபிக்குப் போங்க. ரெண்டு டியூப்பையும் கையோட கொண்டு போங்க. தோலை லேசாச் சுரண்டி மைக்ராஸ்கோப்புல பாத்தாலே பூஞ்சையா இல்லையான்னு தெரிஞ்சிரும். உங்க அளவுக்குப் பரவுனதுக்கு பூச்சு மட்டும் பத்தாது, மாத்திரை வேணும். அது கல்லீரல், நீங்க சாப்பிடுத மத்த மாத்திரை எல்லாம் பாத்து டாக்டர் எழுதணும். என்கிட்ட வந்து கேட்டாலும் தர மாட்டேன்.

கல்லூரிப் பையன்:

ஒரு ஈசி வழி சொல்லட்டா? மருந்துப் பேருல இங்கிலீஷ் இசட் எழுத்து இருந்தா பூஞ்சை மருந்து, எஸ் இருந்தா ஸ்டீராய்டு. குளோட்ரிமசோல்ல இசட் இருக்கு, குளோபெட்டசால்ல இல்ல.

பாளை மருந்துக்கடை:

தம்பி, மூளை நல்லா ஓடுது, ஆனா மாட்டிக்கிடுவீங்க. நாலு மருந்து கலந்த டியூப்ல ஆர்னிடசோல்னு ஒண்ணு இருக்கும். இசட் உண்டு, பூஞ்சைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. டெர்பினாஃபின்ல இசட்டே கிடையாது, அது நல்ல பூஞ்சை மருந்து. ஒரு டியூப்ல மூணு நாலு மருந்துப் பேரு இருந்தாலே வாங்காதீங்க, அது போதும். பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், பெக்ளோமெத்தசோன்னு 'சோன்'ல முடிஞ்சாலும் கீழ வச்சிருங்க.

வீரவநல்லூர் மைனி:

எங்க அத்தைக்கு இருதய வால்வு ஆப்பரேசன் பண்ணி, ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுதாவ. வாயில வெள்ளைப் படலம் வந்துச்சுன்னு கடைல கேட்டு மிக்கோனசோல் ஜெல் வாங்கித் தடவுனோம். ஒரு வாரத்துல பல்லு விளக்குனா ரத்தம், கையில தொட்ட எடமெல்லாம் கன்னிப்போச்சு. பரிசோதனைல ரத்தம் உறையவே நேரம் எடுக்குன்னு வந்துச்சு. அந்த ஜெல் வார்ஃபரினோட சேரக் கூடாதாம். தடவுத மருந்துதானேன்னு நாங்க சொல்லவே இல்ல, கடைக்காரரும் கேக்கல. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுதவங்க இருந்தா முதல்ல அதைச் சொல்லிட்டு மருந்து வாங்குங்க. சுகர்காரங்க கால்விரல் இடுக்குல வெடிப்பு இருந்தா சும்மா பவுடரைத் தூவிக்கிட்டு இருக்காதீங்க.

மாஸ்டரே, துண்டு யாரு யாரு துடைக்கியோ?

பரோட்டா மாஸ்டர் (டவுண்):

அக்கா, கரெக்டா பிடிச்சுட்டிய. ஒரே துண்டுதான் மூணு பேருக்கும். காலைல குறுக்குத்துறை ஆத்துல குளிச்சுட்டு ஈரக் கைலியோடயே சைக்கிள்ல வீடு வரைக்கும் வருவேன். அது காயுததே உடம்புலதான்.

நேத்து ஐகிரவுண்ட் போயிட்டு வந்தேன். குளோபெட்டசாலேதான். டாக்டரம்மா டியூப்பைப் பாத்துட்டு எத்தனைன்னு கேட்டாவ. ஒம்பதுன்னேன். பேனாவைக் கீழ வச்சுட்டாவ. சுரண்டிப் பாத்து பூஞ்சைதான்னு உறுதியாயிட்டு. எனக்கு மாத்திரையும் கிரீமும், வீட்டுக்காரிக்கும் மகளுக்கும் கிரீம். மூணு பேரும் ஒண்ணாப் போடணுமாம், இல்லன்னா சுத்திச் சுத்தி வருமாம். படையைத் தாண்டி ரெண்டு விரக்கடை வெளிய தொடங்கி உள்ள வரைக்கும் தடவணும். ஆள்காட்டி விரல் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்குனா ரெண்டு உள்ளங்கை அளவு எடத்துக்குப் போதும். நான் பரோட்டாவுக்கு எண்ணெய் விடுத மாதிரி விட்டிருக்கேன் இத்தனை நாளும். குளிச்சு, நல்லாத் துடைச்சு, காஞ்ச பெறகுதான் போடணும். படை மறைஞ்சாலும் ரெண்டு வாரம் விடக் கூடாதாம். அங்கதான் நான் கோட்டை விட்டது.

ஒரு சந்தேகம். கல்லு முன்னால நிக்கையில வேர்வைல மருந்து வழிஞ்சு போவுமே?

பாளை மருந்துக்கடை:

காலைல குளிச்சுட்டு ஒண்ணு, வேலை முடிஞ்சு குளிச்சுட்டு ஒண்ணு. கல்லுக்கு முன்னால நிக்கும்போது வேண்டாம். பருத்தி உள்ளாடை ரெண்டு செட்டு கொண்டு போயி நடுவுல மாத்துங்க. மருந்து தடவுன கையை சோப்புப் போட்டுக் கழுவுதியளா?

பரோட்டா மாஸ்டர் (டவுண்):

அய்யோ அண்ணாச்சி, கையில ஒண்ணும் இல்ல, டாக்டரம்மா நகம் வரைக்கும் பாத்துட்டாவ. மூணு தடவை கழுவுதேன்.

தாமிரபரணித் தண்ணி:

அது சரி மாஸ்டரே, டவுண்ல எந்தக் கடைன்னு சொல்லவே இல்லியே?

பரோட்டா மாஸ்டர் (டவுண்):

சொல்லுவேனாவே?